காருக்குத் தெரியும், காசு குடுத்த நமக்குத் தெரியக்கூடாதாம்!

ஒரு பேச்சுக்கு இப்படி வெச்சுக்குங்க. நாளைக் காலையில இருந்து எந்த பேங்க்லயும் பாஸ்புக் கிடையாது, ஸ்டேட்மெண்ட் கிடையாது. உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு பேங்குக்குத் தெரியும். ஆனா உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு சின்ன விளக்கு. எரியாம இருந்தா எல்லாம் சரி. மஞ்சளா எரிஞ்சா ஏதோ தப்பு, கிளைக்கு வாங்க, பார்த்துச் சொல்லக் கட்டணம் தனி. என்னங்க தப்புன்னு கேட்டா, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்".

சட்டையைப் பிடிப்பீங்களா மாட்டீங்களா? கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கற நானே பிடிப்பேன்!

ஆனா பாருங்க, பத்துப் பதினைஞ்சு லட்சம் குடுத்து வாங்கற டர்போ காருல இதே கதையைச் சிரிச்ச முகத்தோட ஏத்துக்கறோம். அந்த வண்டியோட உயிர் நாடியே பூஸ்ட் பிரஷர். அதை அளக்கற சென்சார் வண்டிக்குள்ளேயே இருக்கு. கம்ப்யூட்டர் ஒரு நொடிக்குப் பல தடவை அதைப் படிக்குது. ஆனா ஓட்டறவனுக்குக் காட்டறதில்லை. கம்பெனி காட்டலையேன்னு நாம கடைக்குப் போனா, அங்க ஒருத்தர் டிரில்லோட நிக்கறார். இன்னைக்கு இந்த ரெண்டு பேர் மேலயும்தான் என் கோபம்.

"எங்கிட்ட ரேஸ் காரெல்லாம் இல்லீங்க, எனக்கு எதுக்கு இது"ன்னு நகர்ந்துடாதீங்க. உங்க வண்டியிலயும் டர்போ இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். 2007ல வந்த டீசல் ஸ்விஃப்ட்லயே டர்போ உண்டு. அதுக்கப்புறம் 2017ல டாடா நெக்ஸான், 2019ல ஹூண்டாய் வென்யூவோட 1.0 லிட்டர் டர்போ, 2020ல போலோ டிஎஸ்ஐ, 2023ல மாருதி ஃப்ராங்க்ஸ் டர்போன்னு பெட்ரோல் வண்டியிலயும் வரிசையா வந்துருச்சு. பெங்களூர்லயும் மைசூர்லயும் குடியேறின நம்ம குடும்பங்கள் "சின்ன இன்ஜின், வரி கம்மி, பிக்கப் நல்லா இருக்கு"ன்னு வாங்கறது இந்த மாதிரி வண்டிகளைத்தான்.

டர்போன்னா என்னன்னு ரெண்டே வரியில சொல்லிடறேன். சைலன்சர் வழியா வீணாப் போற சூடான புகையை வெச்சு ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுத்தவிட்டு, அதே தண்டுல மறுமுனையில இருக்கற இன்னொரு சக்கரத்தால வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்றது. ஆல்ஃபிரட் ப்யூகிங்கற சுவிஸ் இன்ஜினியர் 1905லயே இதுக்குப் பேடண்ட் வாங்கிட்டார். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் போகும். பெட்ரோல் வண்டியில அந்தப் புகையோட சூடு 900 டிகிரியைத் தொடும். இத்தனையையும் தாங்கிப் பிடிக்கறது ஒரு மெல்லிசான ஆயில் படலம். இப்படிப்பட்ட ஒரு சாமான் எவ்வளவு அழுத்தத்துல வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறது ஆடம்பரமா?

முன்னாடி எல்லாம் கம்பெனிக்காரங்களே இதைக் காட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. 1973ல வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவுல பூஸ்ட் மீட்டர் டேஷ்போர்டு நடுவுலயே இருந்துச்சு. 1978ல விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போவுல அதைத் தனியா எடுத்து மேல உட்கார வெச்சிருந்தாங்க. அப்புறம் அதே சாப் கம்பெனி, 900 மாடல்ல எண்ணையெல்லாம் எடுத்துட்டு வெள்ளை, மஞ்சள், சிவப்புன்னு பட்டை மட்டும் வெச்சாங்க. அன்னைக்கு எண் போச்சு. அப்புறம் நம்ம குடும்ப வண்டிகள்ல முள்ளே போச்சு. இப்போ பல சின்னக் கார்கள்ல இன்ஜின் சூட்டைக் காட்டற முள் கூட இல்லை, கவனிச்சிருக்கீங்களா? குளிர்ந்திருந்தா நீலம், கொதிச்சா சிவப்பு. நடுவுல என்ன நடக்குதுங்கறது கடவுளுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனா டேஷ்போர்டுல பத்து அங்குலத் திரை இருக்கு. அதுல பாட்டு ஓடும், படம் ஓடும், கால் வைக்கற இடத்துல எரியற விளக்குக்கு அறுபத்திநாலு கலர் மாத்தலாம். ஒரு எண்ணைக் காட்ட மட்டும் இடம் இல்லை :-(

கம்பெனி தரப்பு நியாயம் என்னன்னு கேட்டா, ரெண்டு விஷயம் சொல்றாங்க.

முதல் விஷயம், "எண்ணைக் காட்டினா ஜனங்க பயந்துக்கறாங்க. சும்மா சும்மா சர்வீஸ் சென்டருக்கு வந்து நிக்கறாங்க." ஏங்க, நம்ம ஊர் கவர்மெண்டு பஸ் டிரைவர் முன்னாடி ஏர் பிரஷர் மீட்டர் இருக்கே, அவர் என்ன பயந்து ஓடியா போயிட்டார்? காலையில டிப்போவுல முள் ஏறட்டும்னு காத்திருந்து அப்புறம்தான் வண்டியை எடுக்கறார். எண் பயமுறுத்தாது. அதை எப்படிப் படிக்கணும்னு சொல்லித் தராம விட்டாத்தான் பயமுறுத்தும். மேனுவல்ல அரைப் பக்கம் எழுதினா முடிஞ்சு போற வேலை.

ரெண்டாவது விஷயம் கொஞ்சம் வலுவானது. அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். "ஈசியு எல்லாத்தையும் பார்த்துக்குது. அழுத்தம் அதிகமானா வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடும். பிரச்னைன்னா பவரைக் குறைச்சு லிம்ப் மோடுக்குப் போயிடும், விளக்கும் போடும். டிரைவர் பார்த்து என்ன கிழிக்கப் போறார்?"

பாதி உண்மைதான். ஈசியு இன்ஜினைக் காப்பாத்தும், சந்தேகமே இல்லை. ஆனா உங்க பயணத்தைக் காப்பாத்துமா? ஒரு உதாரணம். இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல லேசா கீறல் விழுதுன்னு வெச்சுக்குங்க. வயசான எல்லா வண்டிக்கும் வர்ற சங்கதி. காத்து கசிஞ்ச உடனே விளக்கு எரியாது. கசியற காத்தை ஈடுகட்ட ஈசியு டர்போவை இன்னும் வேகமாச் சுத்த வைக்கும். கடைசியில கிடைக்கற அழுத்தம் என்னவோ அதேதான். ஆனா அதைத் தொட எடுத்துக்கற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக் கூடும். மீட்டர் இருந்தா, "முன்னெல்லாம் மூணாவது கியர்ல மிதிச்ச உடனே ஏறும், இப்போ யோசிச்சு யோசிச்சு ஏறுது"ன்னு வாரக் கணக்குல முன்னாடியே தெரிஞ்சிடும். கைக்கு எட்டற இடத்துல இருக்கற ஹோஸ்னா ஒரு மதியம் மாத்திட்டு வந்துடலாம். மீட்டர் இல்லைன்னா, ஈடுகட்ட முடியாத அளவுக்குக் கீறல் பெரிசான பிறகுதான் மஞ்சள் விளக்கு வரும். அது எப்போ வரும்? இன்ஜினுக்கு அதிகமா வேலை இருக்கும்போது. அதாவது மலையில!

அது எந்த மலைன்னு சொல்லணுமா? மைசூர்ல இருந்து ஈரோடு, கரூர், மதுரைப் பக்கம் போற நம்ம ஜனங்களுக்குச் சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரிதான் வழி. ஊர்ல இருந்து திரும்பி வரும்போது பண்ணாரியில இருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறணும். பொங்கல் முடிஞ்சு அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டின், பின்சீட்ல பெரியவங்க, மடியில குழந்தைன்னு முழு லோடு. கீழ்க் கியர்ல டர்போவை முழுசா நம்பி ஏறற இடம் அது. அங்க லிம்ப் மோடு வந்தா என்ன ஆகும்? சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2022ல இருந்து ராத்திரி போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேற. பந்திப்பூர் வழியா வந்தாலும் 2009ல இருந்து ராத்திரி 9 மணிக்குக் கேட்டு மூடினா காலை 6க்குத்தான் திறப்பாங்க. "விளக்கு எரிஞ்சா சர்வீஸ் சென்டருக்கு வாங்க"ன்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினவருக்கு, யானை கடக்கற வளைவுல சர்வீஸ் சென்டர் இருக்காதுன்னு தெரியாதா?

மலைன்னு வந்த பிறகு ஒரு சின்னக் கணக்கு. காமர்ஸ் படிச்சவனுக்கே புரிஞ்ச கணக்கு, பயப்படாதீங்க :-)

கடல் மட்டத்துல, அதாவது சென்னையில, காத்தோட அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். மைசூர் கிட்டத்தட்ட 770 மீட்டர் உயரம், இங்க சுமார் 92. ஊட்டி 2,240 மீட்டர், அங்க சுமார் 77. உங்க இன்ஜினுக்கு மொத்தம் 180 கிலோபாஸ்கல் வேணும்னா, டர்போ சென்னையில 79ஐச் சேர்த்தாப் போதும். மைசூர்ல 88 சேர்க்கணும். ஊட்டியில 103 சேர்க்கணும்! அதே பவருக்கு மேல போகப் போக டர்போ இன்னும் கடுமையா உழைக்குது. ஒரு அளவுக்கு மேல டர்போவைக் காப்பாத்த ஈசியுவே குறைச்சுக்கவும் செய்யும். ஆக, மீட்டர்ல ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணிட்டு அதை எல்லா ஊர்லயும் தேடக்கூடாது. நம்ம வண்டி நம்ம ஊர்ல வழக்கமா என்ன காட்டுது, அதுல மாத்தம் வருதான்னுதான் பார்க்கணும். கணக்குப் புத்தகம் பார்க்கற மாதிரிதான். ஒரு நாள் இருப்பை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஆறு மாச வரவு செலவைப் பார்த்தா கதை தெரிஞ்சிடும்.

சரி, கம்பெனியைத் திட்டியாச்சு. இப்போ கடைக்காரர் பக்கம் வருவோம். இங்கதான் எனக்கு வயிறு எரியுது.

நம்ம ஊர்க்காரத் தம்பி ஒருத்தர், ஹெப்பாள் பக்கம் சாஃப்ட்வேர்ல வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை டர்போ பெட்ரோல் வண்டியோட வந்து நின்னார். "அண்ணே, சூப்பரா இருக்குல்ல?" டிரைவர் பக்கத்துக் கண்ணாடித் தூண்ல ஒரு கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக், அதுக்குள்ள 52 மில்லிமீட்டர் பூஸ்ட் மீட்டர், நீல வெளிச்சம். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. தூணோட பிளாஸ்டிக்கைப் பார்த்தேன். "ஏர்பேக்"னு கம்பெனியே எழுத்துப் பொறிச்சிருக்கு. அதுக்கு ஒரு சாண் கீழ ரெண்டு ஸ்க்ரூ அடிச்சு இந்தக் கிண்ணத்தை மாட்டியிருக்காங்க! "தம்பி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு கடையில கேட்டீங்களா?"ன்னேன். "அவங்க ஒண்ணும் சொல்லலியேண்ணே"ன்னார்.

ஆறு ஏர்பேக் இருக்கற வண்டிகள்ல திரை மாதிரி விரியற ஏர்பேக், கூரை ஓரமா மடிச்சு அந்தத் தூண் வரைக்கும் வரும். பக்கவாட்டுல மோதினா சில நூறில் ஒரு பங்கு நொடியில விரியும். அது போற வழியில ஒரு கண்ணாடி மீட்டரை ஸ்க்ரூ போட்டு வெச்சா, அந்த மீட்டர் எங்க பறக்கும்? மூஞ்சிக்குத்தான். இல்லைன்னா ஏர்பேக் சரியா விரியாது. 2023 அக்டோபர்ல பாரத் என்கேப் மதிப்பீடு தொடங்கினதுக்கப்புறம் நாம ஸ்டார் எண்ணி வண்டி வாங்கறோம். வாங்கின மறு வாரமே அந்த ஸ்டாரை நாமே ஸ்க்ரூ டிரைவரால பிடுங்கி எறியறோம்.

அதோட போச்சா? பானெட்டைத் திறந்து பார்த்தா, மீட்டருக்குப் போற டியூபை பிரேக் பூஸ்டர் ஹோஸை வெட்டி ஒரு டீ ஜாயின்ட் போட்டு எடுத்திருக்காங்க. கிளாம்ப் கூடக் கிடையாது, பிளாஸ்டிக் டேக் இறுக்கியிருக்கு. கையில எட்டற ஹோஸ், வெட்ட சுலபம், அவ்வளவுதான் காரணம். அந்த ஹோஸ் என்ன வேலை செய்யுதுன்னு அவருக்குக் கவலை இல்லை. பெட்ரோல் வண்டி பலதுல பிரேக்கை லேசா மிதிச்சாலே நிக்கறது அந்த ஹோஸ்ல வர்ற வேக்குவத்தாலதான். அந்த ரெண்டு ரூபா ஜாயின்ட் சூட்டுல இளகிக் கழண்டா, ரெண்டு மிதி வரைக்கும் பிரேக் பிடிக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். இப்போ திம்பத்துல இறங்கற பக்கம் நினைச்சுப் பாருங்க.

உள்ளே ஒயரிங் இன்னொரு கூத்து. ஒரிஜினல் ஒயரை உரிச்சு முறுக்கி டேப் சுத்தி வெச்சிருந்தாங்க. நாளைக்கு வேற ஏதாவது எலக்ட்ரிகல் கோளாறு வந்தா, வாரண்டி இல்லைன்னு சொல்லக் கம்பெனிக்கு நாமே சாட்சி தயார் பண்ணிக் குடுத்த மாதிரி. தம்பி அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டி, ஹோஸை முழுசாப் புதுசா மாத்திட்டார். தூண் பிளாஸ்டிக்கும் புதுசு.

அப்போ மீட்டர் வேண்டாமா? யார் சொன்னது! கட்டாயம் வேணும். ஆனா கத்தியைக் கீழ வெச்சுட்டு ஆரம்பிங்க.

1) முதல்ல வெட்டாத வழி. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் இருக்கற ஓபிடி சாக்கெட் இருக்கும். 2013க்குப் பிறகு வந்த வண்டின்னா கவலையே இல்லை. அதுல ஒரு புளூடூத் டாங்கிளைச் சொருகி, போன்ல ஒரு ஆப் போட்டா, "இன்டேக் மெனிஃபோல்ட் பிரஷர்", "பாரோமெட்ரிக் பிரஷர்"னு ரெண்டு எண் வரும். முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா அதுதான் பூஸ்ட். முதல் எண் 255 கிலோபாஸ்கல் வரைக்கும் காட்டும், நம்ம குடும்ப வண்டி பெரும்பாலானதுக்கு அது தாராளம். வண்டியை நிறுத்திட்டுப் போகும்போது டாங்கிளைக் கழட்டிடுங்க, பேட்டரியைக் குடிக்கும். ஓட்டும்போது போனை நோண்டாதீங்க, பதிவு பண்ணிட்டு வீட்ல வந்து பாருங்க.

2) எப்பவும் கண் முன்னாடி முள் வேணும்னா, சென்சார் வெச்ச எலக்ட்ரானிக் மீட்டர் வாங்குங்க. பழைய மாதிரி டியூப் நேரா மீட்டருக்கே வர்ற வகையில, டியூப் விட்டுப்போனா பெட்ரோல், ஆயில் வாடை கேபினுக்குள்ளேயே வரும். எலக்ட்ரானிக்ல டியூப் பானெட்டுக்குள்ளேயே நின்னுடும், ஒயர் மட்டும்தான் உள்ளே வரும்.

3) பெட்ரோல் வண்டியில திராட்டிலுக்கு அப்புறம், மெனிஃபோல்ட்ல இருந்து இணைப்பு எடுக்கணும். அப்போதான் ஐடிலிங்ல வேக்குவமும் மிதிக்கும்போது பூஸ்ட்டும் தெரியும். டீசல்ல அந்த மாதிரி வேக்குவம் இருக்காது, இன்டர்கூலருக்கு அப்புறம் எடுத்தாப் போதும். உங்க மாடலுக்குன்னு சென்சார் அடியில வைக்கற அடாப்டர் கிடைச்சா எந்த ஹோஸையும் வெட்டவே வேண்டாம். பிரேக் ஹோஸ்ல கை வெச்சா, அந்தக் கடையில இருந்து சாவியை வாங்கிட்டு வெளிய வந்துடுங்க.

4) ஃபயர்வால்ல புது ஓட்டை போட விடாதீங்க. ஏற்கனவே ஒயர் போற ரப்பர் கிராமெட் இருக்கும், அது வழியா விடச் சொல்லுங்க. கரண்ட்டுக்கு ஃபியூஸ் பெட்டியில சொருகற ஃபியூஸ் டேப் போதும், எந்த ஒயரையும் உரிக்க வேண்டாம்.

5) மாட்டற இடம்: "ஏர்பேக்"னு எழுதியிருக்கற எதுலயும், அது விரியற வழியிலயும் கூடாது. முழங்காலுக்கு ஏர்பேக் இருக்கற வண்டியும் உண்டு, மேனுவல்ல படம் இருக்கும், பாருங்க. கியர் பக்கத்துல சில்லறைக் காசு போடற பள்ளம் எனக்குப் பிடிச்ச இடம். கண்ணு சாலையிலதானே இருக்கணும், சும்மா ஒரு தடவை பார்த்தாப் போதும்.

"போலீஸ் பிடிக்குமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கறது ஆர்சியில இருக்கற விவரங்கள் மாறிப்போற மாத்தங்களை. மீட்டர் மாட்டறது அதுல எதையும் தொடறதில்லை. ஈசியுவை ரீமேப் பண்ணி பவர் ஏத்தறது வேற விஷயம், அதை இதோட குழப்பிக்காதீங்க. நான் கேக்கறது பார்க்கற உரிமை மட்டும்தான்.

இவ்வளவு சுத்தி வளைக்கறதுக்கு அவசியமே இல்லைங்கறதுதான் கொடுமை. சென்சார் இருக்கு. திரை இருக்கு. நடுவுல ஒயரும் இருக்கு. கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்ல அந்த எண்ணைக் காட்டிட்டா, தூண்ல ஸ்க்ரூ அடிக்கற கடைக்கு வேலையே இல்லை. மறைச்சு வெச்ச பொருளுக்குத்தான் கள்ளச் சந்தை உருவாகும். அதனால கடைக்காரர் அடிச்ச அந்த ஸ்க்ரூவுல பாதிப் பொறுப்பு கம்பெனிக்கும் உண்டுன்னு நான் சொல்லுவேன்.

அடுத்த தடவை ஷோரூம் போறீங்கன்னா, சன்ரூஃப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி, "பூஸ்ட் எவ்வளவுன்னு எங்க பார்க்கறது? இன்ஜின் சூடு எத்தனை டிகிரின்னு எங்க பார்க்கறது?"ன்னு கேளுங்க. அந்தப் பையன் முழிப்பான், பாவம், அவனைத் திட்டாதீங்க. வாடிக்கையாளர் கருத்துப் படிவத்துல எழுதிக் குடுங்க. வண்டி டெலிவரிக்கு அப்புறம் வர்ற போன்ல, "பத்துக்கு எத்தனை மார்க் சார்?"னு கேப்பாங்க இல்லையா, அப்போ மார்க்கைக் குறைச்சு, ஏன் குறைச்சேன்னு காரணத்தையும் சொல்லுங்க. அந்த மார்க்குக்கு அவங்க எவ்வளவு நடுங்குவாங்கன்னு, டார்கெட்டோட குப்பை கொட்டற ஆளு, எனக்குத் தெரியும்.

பி.கு.: ஏற்கனவே கடையில மீட்டர் மாட்டினவங்க இந்த வாரமே பானெட்டைத் திறந்து, அந்த டியூப் எந்த ஹோஸ்ல இருந்து வருதுன்னு விரலாலேயே தடவிப் பாருங்க. பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ்னா, தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஹோஸை மாத்திடுங்க.